பாலைவனத்துச் சொக்கப்பனை

போன மாதம் தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் பலகை மாட்டினோம். சாரல் மாதங்களில் சூரியனே குடை பிடித்துக்கொண்டு வருகிற ஊரில் இது தேவையா என்று கேட்காதீர்கள், வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். மாட்டிக் கொடுத்தவர் செங்கோட்டைக்காரர். ஏணியிலிருந்து இறங்கியதும், "வாரத்துக்கு ஒருக்க தண்ணி அடிச்சிக் கழுவிருங்க சார், அது போதும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று அவர் முகம் சுருங்கியது. அவர் சொன்னது சரிதான். அதே காரியத்தைச் செய்ததற்காக ஒரு நாட்டை விட்டே அனுப்பப்பட்ட மனிதரை எனக்குத் தெரியும் என்பதை ஏணியடியில் நின்று எப்படி விளக்குவது?

அந்த நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் விசா கிடைக்குமா என்று விசாரித்து இரண்டு பேர் வீட்டுக்கு வருவார்கள். தோண்டினால் எண்ணெய், தோண்டாவிட்டால் மணல். அங்கே ஓர் எண்ணெய் வயலில் நான் ஸ்டோர் கீப்பர், அதாவது நட்டு போல்ட்டுகளுக்கு ராஜா. சுடலைமுத்து அண்ணாச்சி எனக்கு முன்பே போனவர், கடையத்துக்காரர். எண்ணெயோடு சேர்ந்து வருகிற வாயுவை உயரமான குழாயின் உச்சியில் எரித்துவிடுவார்கள். ஃபிளேர் என்று பெயர். இரவும் பகலும் எரியும். அதைக் கவனித்துக்கொள்வதுதான் அண்ணாச்சியின் வேலை. போய் இறங்கிய அன்று அதைப் பார்த்துக் கொள்ளிவாய்ப் பிசாசோ என்று பயந்தேன். பி.காம். படித்தவன் இதை வெளியில் சொல்லக்கூடாது.

திருக்கார்த்திகை வந்தால் தென்காசிப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சாயங்காலம் ஃபிளேரைப் பார்த்து மணலில் உட்காருவோம். கோயில் வாசலில் பனையை நட்டு, ஓலை சுற்றிக் கொளுத்துகிற சொக்கப்பனைக்கு அங்கே வேறு எங்கே போவது? கொழுக்கட்டையைப் பொதிந்து அவிக்கப் பனை ஓலை மட்டும் ஊரிலிருந்து வரும். லீவு முடிந்து வருகிறவர் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். அந்தச் சட்டைகள் துவைத்த பிறகும் ஓலை மணக்கும். அண்ணாச்சி முதல் கொழுக்கட்டையை நெருப்புக்குக் காட்டிவிட்டு, "நம்ம ஊர்ல செத்த நேரம் எரியும். இங்கன வருசம் பூரா எரியுது. யாருலே கொடுத்து வச்சவன்?" என்பார். வாயில் கொழுக்கட்டை இருப்பதால் யாரும் மறுக்கமாட்டோம்.

பிறகு ஒருநாள் எங்களை ஏசி அரங்கில் உட்காரவைத்தார்கள். பல் தந்தியடிக்கிற குளிர். நாடு இனி வெயிலுக்கு மாறுகிறது என்று ஓர் அதிகாரி படம் போட்டுக் காட்டினார். அரங்குக்கு மின்சாரம் கொடுத்த டீசல் ஜெனரேட்டர் வெளியே அவரைவிடச் சத்தமாகப் பேசியது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வீட்டுக்கு வெயில், விற்பனைக்கு எண்ணெய். பால்காரர் வீட்டில் கடுங்காப்பி குடிக்கிற கணக்கு. வாயுவையும் இனி வீணாக எரிக்காமல் பிடித்து விற்பார்களாம். ஃபிளேரை அணைத்துவிடுவார்களாம்.

அண்ணாச்சி என்னை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். "அணைக்கட்டும், வேண்டாங்கல. ஆனா இத்தன வருசம் அதப் பாத்தவன் நான். வால்வ நாந்தான் மூடணும். அத மட்டும் சொல்லு" என்றார். என் ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போய்விடக் கூடாது என்று கேட்க வந்திருக்கிறார் என நினைத்திருந்த மேலாளர் கொஞ்சம் திகைத்து, சரி என்று தலையாட்டினார். ஃபிளேரை அணைக்கும் நாள் வரை அண்ணாச்சியைப் புதிய சோலார் பலகைகளைத் துடைக்க அனுப்பினார்கள்.

அங்கே தூசியை ஈரம் படாமல் பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும். அண்ணாச்சிக்கு அது அவமானமாகப் பட்டது. "அருவில குளிச்சி வளந்தவன் கையில பிரஷ்ஷக் குடுக்கானுவ. அழுக்குன்னா மேலேருந்து தண்ணி விழணும்லே" என்றார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் ஹோஸை மாட்டி, ஏணியில் ஏறி நின்று, ஐந்தருவி கணக்காக எல்லாப் பலகைகளின் மேலும் தண்ணீரைக் கொட்டினார். குற்றாலத்தை நம்பியவருக்கு அந்த ஊர் நிலத்தடித் தண்ணீர் உப்பு என்பது நினைவில்லை. காய்ந்ததும் பலகைகள் அத்தனையும் திருநீற்றுப் பட்டை போட்டதுபோல வெளுத்து நின்றன. மறுநாள் மந்திரி பொத்தானை அமுக்கினார், விளக்கு எரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். எரிய வைத்தது பந்தலுக்குப் பின்னால் நின்ற டீசல் ஜெனரேட்டர். அண்ணாச்சியைக் கார்த்திகைக்கு முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வால்வைப் பற்றி நினைவூட்ட நான் மறுபடி மேலாளரிடம் போனேன். "எந்த வால்வு?" என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பலகையைப் பார்க்க அண்ணாச்சி கடையத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். முழங்கால் வலியோடு மாடி ஏறி, பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் போனில் கேட்காததைக் கேட்டார்.

"அந்தத் தீய யாருலே அணைச்சா?"

"யாரும் இல்ல அண்ணாச்சி. தலைநகர்ல ஆபீசுக்குள்ள இருந்தே கம்ப்யூட்டர்ல நிறுத்திட்டாவ. நாங்க மத்தியானம் சோறு தின்னுக்கிட்டு இருந்தோம். நிமிந்து பாத்தா குழாய் மட்டும் நிக்கி."

"பெறவு கார்த்திகைக்கு என்ன செஞ்சிய?"

"சோலார் பலகைக்கு முன்னால போயி உக்காந்தோம். பொழுது அடஞ்சதும் அது எங்கன இருக்குன்னே தெரியல. கொழுக்கட்டையத் தின்னுட்டு வந்துட்டோம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தண்ணியத் தொறந்து விடு" என்றார். ஹோஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பலகை முழுதும் கழுவினார். நம் ஊர்த் தண்ணீர், ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் காய்ந்தது. நான் குழாயை மூடப் போனேன்.

"நில்லு. நான் மூடுதேன்" என்றார்.

அவசரப்படாமல், திருகித் திருகி, மெதுவாக மூடினார்.