சின்னம்மாவின் தட்டச்சு வகுப்பு

கரவெட்டியில் தையல் மெசின் திருத்தும் கடைக்குள் இன்று அந்த எண்ணெய் மணம் வந்ததும் வெளியே வந்துவிட்டேன். காங்கேசன்துறையில் சின்னம்மா வீட்டு விறாந்தையில் நாங்கள் தட்டச்சுப் பழகிய மணம் அது. ஏழெட்டுப் பெண்கள் ஒன்றாகத் தட்டினால் ஓடுகளும் அதிரும்.

“உந்தத் தட்டச்சு மெசினைச் செய்த கொம்பனி முதலிலை துவக்குத்தான் செய்தது” என்று சின்னம்மா பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள், “கையை எடுங்கோ பிள்ளையள்” என்றார். எடுத்தோம். சடசடப்பு நிற்கவில்லை, துறைமுகப் பக்கம் துவக்குகள் வெடித்துக்கொண்டிருந்தன. வாசலுக்கு ஓடிப்போய், “வாங்கோ சின்னம்மா!” என்று கத்தினேன்.

“தூசி படியும். உறை போட்டிட்டு வாறன்.”

ஒவ்வொரு மெசினாக மூடிவிட்டுத்தான் வந்தார். பிறகு இராணுவம் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

பல வருடங்கள் கழித்து இராணுவம் காணியை விட்டபின் போனோம். வீடு இல்லை, வெறும் பற்றைக்காடு.

“விறாந்தை இஞ்சைதான்” என்றார் சின்னம்மா.

நான் அதுதான் விறாந்தை என்று நினைத்து வேறொரு இடத்தில் நின்றிருந்தேன்.