காரணம் சொல்லாத மணியம்மை

"நீயா வேண்டிக்கினே, ஒங்கம்மா வேண்டிக்கினாங்களா?"

காவடி வளைவில் சாமந்திச் சரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்கிறாள் மணியம்மை. எதிரே நிற்கும் காலேஜ் பெண் தாயைத் திரும்பிப் பார்க்கிறாள். வேண்டிக்கொண்டவள் தாய்தான். மணியம்மை காவடியைத் தாயின் பக்கம் சாய்த்து வைக்கிறாள். "அப்போ நீ தூக்கும்மா. அவ வாயத் தொறந்து சரின்னு சொல்லட்டும், அவ தோள்ல வெக்கிறேன்." நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்களிடம் இதையே தெலுங்கில் சொல்வாள். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

"முருகனே சும்மாகீறாரு, நடுவுல இவ ஒரு வக்கீலு" என்பாள் பக்கத்துத் தேங்காய்க் கடை குப்பம்மாள்.

சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் காவடி வாடகைக்கு விடுகிறாள் மணியம்மை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மயிற்பீலிகளை ரெக்சின் பையில் படுக்கவைத்து, கசங்காமல் இருக்கத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாள். யார் எதைக் கேட்டாலும், கையிலிருக்கும் முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் பதில் வரும். அதுவரை கேட்டவர் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்து கூட்டம் வடிந்த சமயம். அடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவச மருத்துவமனையிலிருந்து நர்ஸ் வரலட்சுமி கடை கடையாக வந்தாள். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். காசு கிடையாது, வலியும் அதிகம் இருக்காது என்றாள்.

"பாக்காட்டி இன்னா ஆவும்?" என்று கேட்டாள் மணியம்மை.

"நெறய பேருக்கு ஒண்ணும் ஆவாது பெரியம்மா. சில பேருக்கு முத்திப்போன அப்புறம்தான் தெரியும். முன்னாடியே கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம்."

முடிச்சு விழுந்தது. "கேட்டுக்கினேன். எனக்கு வேணாம்."

வரலட்சுமி அதோடு விட்டுவிட்டாள். டாக்டர் சாய்லக்ஷ்மி விடவில்லை. அந்த மாதம் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போன மணியம்மையை எதிரே நிற்கவைத்துப் பேசினார். சின்ன வயது டாக்டர். முந்தின வாரம்தான் இதே நோய் முற்றிய ஓர் அம்மாளை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள், காப்பாற்ற முடியாத நிலை. அதை மணியம்மையிடம் சொன்னார் டாக்டர்.

"பாவம்" என்றாள் மணியம்மை. மனசாரத்தான் சொன்னாள்.

"அப்ப மேசையில படுத்துக்கோம்மா. ரெண்டு நிமிஷம்."

"வேணாம்மா."

"ஏன்? வெக்கமா? பயமா? வீட்ல திட்டுவாங்களா?"

"காரணம் சொன்னா அதுக்கு நீங்க ஒரு பதில் வெச்சிருப்பீங்க. இன்னொண்ணு சொன்னா அதுக்கும் வெச்சிருப்பீங்க. கடைசீல நான் ஒத்துக்கினாப்ல ஆயிடும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. "உன் உயிர் மேல உனக்கே அக்கறை இல்ல, மாத்திரை மட்டும் எதுக்கு? டெஸ்ட் பண்ணிட்டு வாங்கிக்கோ."

மணியம்மை சத்தம் போடவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. நடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கூடையிலிருந்த பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். வந்தவர் போனவரெல்லாம் விசாரித்தார்கள். எல்லாருக்கும் "மாத்திரைக்கு" என்ற ஒரே பதில்தான். சாப்பாட்டு வேளையில் டாக்டர் வெளியே வந்தபோது சரம் மடியிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டு கிடந்தது.

"இன்னும் போகலையா நீ?"

"நான் இதுக்கு வந்தேன், அதுக்கு வரல. இது வேற, அது வேறம்மா."

 டாக்டர் வரலட்சுமியைக் கூப்பிட்டு மாத்திரை கொடுக்கச் சொன்னார். "எப்பவாவது ரத்தம் பட்டாலோ, வலி இருந்தாலோ உடனே வரணும்."

"ஆங், வந்துர்றேன்."

"டாக்டரையே ஜெயிச்சுட்டா எங்க மணியம்மை" என்று குப்பம்மாள் ஊரெல்லாம் பரப்பினாள். அது மணியம்மையின் வீட்டுக்குள்ளேயே வேறு மாதிரி திரும்பியது.

மருமகள் நிர்மலாவின் தாய் போனது இந்த நோயில்தான். ஆகவே வரலட்சுமி வந்துபோன நாளிலிருந்தே நிர்மலாவுக்குப் பரிசோதனை செய்துகொள்ள ஆசை. ராத்திரி சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் மகன் கங்காதரன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்கம்மாவே வேணாம்னு வந்துட்டாங்க. நீ இன்னா அவங்களுக்கு மேல கண்டுட்டியா?" என்றான்.

நிர்மலா குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். மணியம்மை இந்தத் தடவை முடிச்சு விழும்வரை காத்திருக்கவில்லை. பூவைக் கீழே போட்டாள்.

"டேய், நான் வேணாம்னது எனக்கு. அத தூக்கியாந்து இவ தலையில ஏன் வெக்கிற? அவ ஆத்தாவ வாரிக்கினு போன நோவுடா அது. அவளுக்குப் பயம் இருக்காதா?"

"இல்லம்மா, நீயே..."

"நானே இன்னா? என்னைக் கேக்காம என் பேரச் சொல்லாத. காலையில வண்டியக் கொண்டா."

மறுநாள் கடை திறக்கவில்லை. மருமகளோடு மணியம்மை நுழைந்ததைப் பார்த்த டாக்டர் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா!"

"நான் இல்ல, இவ."

"சரி, வந்ததுதான் வந்த, நீயும்..." என்று ஆரம்பித்த டாக்டர், தானே நிறுத்திக்கொண்டு கையுறையை எடுத்தார்.

பரிசோதனை அறைக்குக் கதவு இல்லை. கம்பியில் பச்சைத் துணித் திரை தொங்கியது. இழுத்துவிட்டாலும் சுவர் வரை எட்டவில்லை; ஒரு ஆள் பார்வை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. வெளியே நடையில் ஊசிக்கும் கட்டுக்கும் காத்திருந்த ஆண்களும் பெண்களும். நிர்மலா மேசையில் ஏறும் சத்தம் கேட்டது. மணியம்மை வெளியே வந்து திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்பக்கமாகக் கையை விட்டுத் திரையின் ஓரத்தை இழுத்துச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து நிர்மலா "முடிஞ்சுது அத்தே" என்று கூப்பிட்ட பிறகும், அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருகிறவரை கையை எடுக்கவில்லை.