மெழுகுப்பனைக்குச் சோப்புத் தண்ணீர்

சக்குபள்ளத்தில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், நான்கு வருடம் வளர்ந்த முப்பத்திரண்டு செடிகளில் இருபத்தொன்பதைக் கெடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான்.

அதற்கு முன் வேலந்தாவளம் சந்தையில் லாரியிலிருந்து மாடு இறக்கினேன். பிறகு ஏலக்காய்த் தோட்டங்களில் மருந்து அடித்தேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. மருந்து அடிக்கிறவனுக்கு இலையின் அடியில் வெள்ளையாக எது இருந்தாலும் அது பூச்சி.

நர்சரி சூப்பர்வைசர் செல்வராணி அக்கா, கம்பத்துக்காரர். அந்த முப்பத்திரண்டும் அவர் விதை போட்டு எடுத்த மெழுகுப்பனைகள். தென் அமெரிக்காவின் குளிர்மலை மரம். விதையை ஊறவைத்து, ஈரமான தேங்காய்நார்த் தூளோடு பையில் கட்டிக் குளிர்ந்த மூலையில் வைத்தாராம். முளைக்கவே பல மாதம் பிடித்திருக்கிறது. முதல் வேர் நேராகக் கீழே இறங்கும், அதனால் உயரமான பை. மண்ணில் தண்ணீர் நிற்கவும் கூடாது, மண் காயவும் கூடாது. சூடு ஆகாது. ஓடைப் பக்கம் நிழல்வலைக்குள் வைத்திருந்தார். அப்போதும் முழங்கால் உயரம்தான்.

சனிக்கிழமை ஒரு மலையாளி ஹோம்ஸ்டேக்காரர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எடுத்தால் அக்கா அடுத்த விதை போடலாம். எடுக்காவிட்டால் அந்த இடத்தில் ஏல நாற்று வைக்கப்போவதாக நர்சரி முதலாளி சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அக்கா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். "தண்ணி மட்டும் ஊத்துய்யா. அதுக பாட்டுக்கு நிக்கட்டும்" என்றார்.

ஊற்றும்போது ஓலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மாவு பூசியதுபோல் வெள்ளை. எல்லாச் செடியிலும். இரண்டு நாள் உட்கார்ந்து, துணி சோப்பைக் கரைத்து, பழைய பனியனால் ஒவ்வொரு ஓலையாகத் துடைத்தேன். சோப்பு தீர்ந்ததால் மூன்று செடி தப்பின.

வெள்ளி காலை அக்கா வந்தார்.

"ஏனுங்க அக்கா, மாவுப்பூச்சி புடிச்சிருந்துச்சுங்க. சுத்தமாத் தொடச்சு உட்டேனுங்க."

அக்கா ஓர் ஓலையைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார். பிறகு கேட்டார்: "எறும்பு இருந்துச்சா?"

"இல்லீங்க."

"எறும்பு இல்லாத மாவுப்பூச்சிய எந்தத் தோட்டத்துலய்யா பாத்த?"

நான் பார்த்ததில்லை. மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்கு எறும்பு வந்துவிடும்.

"அது அதோட மெழுகுய்யா. பேருலயே மெழுகு இருக்குல்ல."

மறுநாள் ஹோம்ஸ்டேக்காரர் அக்கா அனுப்பிய படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு ஓலையைத் திருப்பினார். "ஃபோட்டோல கண்டது வெள்ளை. இது பச்சையாணல்லோ."

அக்கா வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "நாந்தானுங்க தொடச்சுட்டேன்."

"சோப்பிட்டோ?"

"ஆமாங்க."

அவர் துடைக்காத மூன்றை வண்டியில் ஏற்றினார். மீதிக்கு, புது ஓலை வெள்ளையாக வந்தால் கூப்பிடச் சொன்னார். நர்சரி முதலாளி மழைக்காலம் தொடங்கும்வரை தவணை கொடுத்தார்.

துடைத்த ஓலையில் மெழுகு திரும்ப வராது. புது ஓலைதான் வர வேண்டும். இந்தப் பனை வருடத்துக்கு ஏதோ இரண்டோ மூன்றோ ஓலைதான் விடும். பங்குனி வெயிலில் மெழுகு போன பழைய ஓலைகள் ஓரம் கருகின. நான் இன்னொரு நிழல்வலை கட்டினேன், சுற்றிலும் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். நான்கு செடி போயின.

அப்போது கற்றது இரண்டு. வெள்ளையைக் கண்டால் முதலில் எறும்பைத் தேடு. பிறகு விரியாத குருத்தைப் பிரித்துப் பார். உள்ளேயே வெள்ளை இருந்தால் அது செடியின் சொந்தச் சரக்கு.

வைகாசி நடுவில், மழைக்கு முன், ஒரு குருத்து விரிந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"கையப் பின்னால கட்டுய்யா."

கட்டினேன்.

அவர் ஓலையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அக்கா ஹோம்ஸ்டேக்காரருக்கு போன் போட்டார்.