சப்பர விளக்குக்கு அடித்த கறுப்பு

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் வராத பஸ்ஸைத் திட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. எதிர் பேக்கரியின் போர்டுக்குள் பல்பு எரிந்தது. நாம் ஏன் கண்ணாடிப் படத்தைச் சுவரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறோம்? பின்னால் விளக்கு வைத்தால் என்ன?

நானும் செல்வி அக்காவும் ஆவூர்ப் பக்கம் கண்ணாடிப் படம் செய்கிறோம். நான் கண்ணாடி அறுப்பேன். அக்கா அதன் பின்பக்கத்தில் மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று தீட்டுவாள். அச்சடித்த படங்கள் வந்தபின் எங்கள் படத்தைக் கேட்க ஆளில்லை. விளக்கு செய்யலாம் என்றதும் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதான் கடைசி. மாதா திருவிழாச் சப்பரத்துக்கு இது சரியா வரலைன்னா நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறேன். பட்டறையை நீயே கட்டிக்கிட்டு அழு."

அக்கா போனால் பட்டறை ஏது? எனக்கு ஒரு மூக்குகூட ஒழுங்காக வரைய வராது.

திருவிழா அன்று காலை, நாலு பக்கமும் மாதா படம் வைத்த விளக்கில் பல்பைப் போட்டேன். இருட்டு. ஒயரை ஆட்டினேன். பல்பை மாற்றினேன். அதே இருட்டு. பார்க்க வந்த கோவில் உபதேசியார் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, மாதா வீட்டுலயும் கரண்டு போயிருச்சா?"

அப்புறம்தான் உறைத்தது. சுவர்ப் படத்துக்கு வெளிச்சம் ஊடுருவக் கூடாதென்று கடைசியில் பின்னால் ஒரு கோட் கறுப்பு அடிப்போம். கைப்பழக்கத்தில் விளக்குக்கும் அடித்திருக்கிறோம்! தின்னர் போட்டுத் துடைத்தால் மாதாவும் சேர்ந்து கரைந்துபோவார். புதிதாகத் தீட்டிக் காயவைக்க நேரமில்லை. அக்கா பெட்டியை இறக்கித் துணி அடுக்கினாள்.

கோவிலுக்கு ஓடினேன். முழங்காலில் நின்றும் பக்தி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "மாதாவே, ஒங்க சப்பரம், ஒங்க படம். என்னால இனி முடியாது. அக்காவைப் போகவிடாதீங்க. எதையாவது செய்ங்க!" சண்டைக்காரி மாதிரிதான் வேண்டினேன்.

திரும்பி வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. ஒரு கண்ணாடியைக் கழற்றி வாசல் வெயிலில் நிறுத்தி, பிளேடால் கறுப்பைச் சுரண்டினேன். கீறல் விழுந்த இடத்தில் வெளிச்சம் பளீரென்று பாய்ந்தது.

"நிறுத்துடி!"

அக்கா ஓடிவந்து பிளேடைப் பிடுங்கினாள். கீறலில் பாய்ந்த வெளிச்சத்தை உற்றுப் பார்த்தாள். "ஒன் கையில விட்டா மாதாவுக்கே தழும்பு விழும். தள்ளு அங்கிட்டு."

கிரீடத்தைச் சுற்றி நட்சத்திரங்கள், மேலங்கியின் ஓரம், விரல் நுனிகள் எல்லாவற்றையும் நாலு கண்ணாடியிலும் சுரண்டிச் சுரண்டியே வரைந்தாள். பொழுது சாய்ந்து சப்பரம் கிளம்பியபோது, இருளுக்குள் ஒளிக்கோடுகளாகவே மாதா எங்கள் தெருவுக்குள் வந்தார். "கரண்டு வந்துருச்சுத்தா" என்றார் உபதேசியார். அக்கா அழுதாள். பெட்டிக்குள் போன அவள் துணிகள் மறுநாள் கொடிக்குத் திரும்பின.

மாதா வழியாக ஆண்டவருக்கு நன்றி. முன்பெல்லாம் எல்லாவற்றையும் நானே செய்து முடித்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு மட்டும் அவரிடம் போவேன். இப்போது கண்ணாடியில் முதல் கோடு போடுமுன்பே போகிறேன். நல்ல மனசு வந்தபின் ஜெபிக்கலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். எரிச்சல் இருந்தால் எரிச்சலோடேயே போய் நில்லுங்கள். அவர் முகம் சுளிப்பதில்லை.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மழையில் நம் வாசலில் காகித நட்சத்திரம் நனைந்து கிழிகிறதே, அதைக் கண்ணாடியில் செய்தால் என்ன? "எவன் மண்டையில விழப்போகுதோ" என்கிறாள் அக்கா. ஆனால் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை பூசை முடிந்ததும் நட்சத்திரத்தின் முதல் முனையை அறுக்கப்போகிறேன்.