விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

தெருவில் அவரை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற எலெக்ட்ரீஷியன்கள் ஒரு நாள் இழுக்கிற வேலையை அரை நாளில் முடித்து, டீ ஆறுவதற்குள் ஏணியையும் மடக்கிவிடுவார். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஆனால் லைசென்ஸ் இல்லை. அதனால் வேலை முடிந்ததும் லைசென்ஸ் உள்ள யாரோ ஒருவர் கசங்காத சட்டையில் வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மின்னல் உழைத்துப் போட்ட விளக்கெல்லாம் அடுத்தவர் பெயரில் எரிந்தன. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் போனார்.

எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டார். செய்முறையில்தான் வந்தது வினை. பலகையில் இரண்டு விளக்கு, மூன்று சுவிட்ச், ஒரு பிளக். நூறு மதிப்பெண். வயர் கோணலாகப் போனால் இரண்டு குறையும், கிளிப் விட்டுப்போனால் ஒன்று. அதெல்லாம் சில்லறை. பெரிய தப்பு என்று தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றே ஒன்று செய்தாலும், மற்றதெல்லாம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

முதல் தடவை எல்லோருக்கும் முன்னால் முடித்தார். விளக்கும் பளிச்சென்று எரிந்தது. தேர்வாளராக வந்த பெண்மணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு திருகாணியைக் காட்டினார். அதற்கு வெளியே நகக்கண் அளவு செம்புக் கம்பி தெரிந்தது.

"விளக்கு எரியுதேம்மா."

"எரியும். தொட்டா ஆளும் எரிவான்."

இரண்டாம் தடவை செம்பு தெரியவில்லை; ஆனால் வயருக்குள் இரண்டு இழை அறுந்திருந்தது. அவர் வயரின் தோலைப் பல்லால் கடித்து உரிப்பவர். ஏணி மேல் ஒரு கையால் சுவரைப் பிடித்து நிற்பவருக்குப் பல்தானே மூன்றாவது கை? இழை அறுந்தால் மிச்ச இழைகள் சூடேறும். பெரிய தப்பு, மறுபடி பூஜ்யம்.

"இனிமே நான் மார்க் போடுறேன்," என்றாள் மனைவி. அவள் தையல்காரி. ஃபியூஸுக்கும் பிளக்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். தினமும் சாயங்காலம் துணி வெட்டும் மேசையில் அவர் வயரிங் செய்ய, அவள் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தாள். முதல் வாரம் முழுக்கப் பூஜ்யம்.

"அந்தம்மாவே தேவலாம் போல," என்று அவர் முனகினார்.

"மறுபடியும் பல்லாங்க?"

"நீ மட்டும் நூலை எதால அறுக்கிறே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே ஒப்பந்தம் ஆயிற்று. இருவருமே இனிமேல் கடிப்பதில்லை.

மூன்றாவது தேர்வின் நடுவில், தோலுரிக்கும் கருவியின் ஸ்பிரிங் தெறித்து எங்கோ போய் விழுந்தது. இரவல் வாங்கக் கூடாது என்பது விதி. நாக்கு தானாகவே பல்லைத் தடவிப் பார்த்தது. அப்போதுதான் மனைவி தையல் பிரிப்பது ஞாபகம் வந்தது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, துணியைத் தொடாமல் நூலை மட்டும் எடுப்பாள். தன் பையிலிருந்த கத்தியை எடுத்து அப்படியே சாய்த்தார். மெதுவாக, மிக மெதுவாக உரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, மின்னல் கடைசி ஆளாக முடித்தார்.

தேர்வாளர் பதினோரு நிமிஷம் பார்த்தார். இழுத்தார், திருகினார், குனிந்தார். பிறகு தொண்ணூற்று நான்கு என்று எழுதினார்.

மனுஷன் சும்மா வந்திருக்கலாம். "மிச்சம் ஆறு எங்கேம்மா போச்சு?" என்று கேட்டார்.

"மூணு இடத்துல கோணல். போய்ட்டு வாங்க," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

லைசென்ஸ் அட்டை வந்த மறுநாள் காலை, அதை வைக்க மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையில் ஓர் உள்பை தைத்தாள். முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சந்தோஷத்தில் நூலைப் பல்லாலேயே கடித்துவிட்டாள்.

"பெரிய தப்பு. பூஜ்யம்," என்றார் அவர்.

"இருக்கட்டும். சட்டையைப் போடுங்க. கையெழுத்துப் போடப் போகணும்ல?"

அவர் போட்டுக்கொண்டார். சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை.