துருவக் கடற்சுறா

என் தவறான நம்பிக்கை ஒரு பச்சிளங் குழந்தையின் பால்வரை சென்றமையால், இதனை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

என் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். வட நோர்வேயில் வாழும் என் தமக்கை மகன், துருவக் கடலில் பிடித்த பெருஞ்சுறாவின் உறைந்த இறைச்சியை பாரிஸ் நகரின் லா சப்பலிலுள்ள எங்கள் இல்லத்துக்குக் கொணர்ந்தான். பாலூட்டும் தாய்க்குப் பால் சுரக்கச் சுறாவை உதிர்த்து வறையாக்கிக் கொடுப்பது எம்மவர் வழக்கம். ஆலைகளற்ற கடல் தூயதே என்றெண்ணி, புறநகரான லெ பிளாங்-மெனிலில் அண்மையில் பிள்ளை பெற்ற மற்றொரு பெண்ணுக்கும் பாதியை அனுப்பினேன்.

மறுநாள் நண்பகல், மகள் தட்டில் கைவைத்த வேளையில், துருவ விலங்குகளை ஆராயும் அவள் தோழி வந்தாள்.

"பொறடி, சாப்பிடாதை! ஐயா, இது எங்கத்தையான் சுறா?"

"துருவக் கடல், பிள்ளை. அங்கை என்ன அழுக்கு?"

"நாங்கள் இஞ்சை விடுற நஞ்சு காத்திலையும் நீரோட்டத்திலையும் அங்கைதான் போகுது. அழியாமல் கொழுப்பிலை தங்கும். பெரிய சுறாவிலை இன்னும் கூட இருக்கும். பனிக்கரடி தன்ரை பாலோடை அந்த நஞ்சைக் குட்டிக்கும் குடுக்குது."

"அப்ப நான் பால் குடுக்கலாமோ?" மகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"தாராளமாய்க் குடு. இந்தச் சுறாவை மட்டும் விடு."

நான் லெ பிளாங்-மெனிலுக்குத் தொலைபேசினேன். மும்முறை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை. நான்காம் முறை அப்பெண்ணின் தாய் எடுத்தார்.

"ஓம் ஐயா, இப்பதான் சுறா வறை இறக்கினனான். மகள் சாப்பிடக் கையும் கழுவிப்போட்டாள்!"

"கொட்டிப்போடுங்கோ, அம்மா. பிழை என்ரை."

எம் பிள்ளைகளைக் காக்க தோழியின் வரவும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதுமானவையாயின. கரடிக்குட்டிக்கோ வேறு பால் இல்லை.

நான் அறிவியல் பயின்றவனல்லன். இதிற் பிழை காணும் அறிஞர்கள் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன்.