எல்லா வீட்டிலும் எட்டு

அந்தப் பக்கத்தில் அவரைத் தண்ணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளில் தண்ணீர் ஃபில்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அடுப்படித் தொட்டிக்குக் கீழே குனிந்தே முட்டி தேய்ந்துபோயிருந்தது. பேத்தி பிறந்து இருபது நாள். மகள் குழந்தையோடு இவர் வீட்டில்தான் இருந்தாள். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டின பிறகும் இரண்டு தடவையாவது உள்ளே ஓடி, தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். "கண்ணு வச்சுடாதீங்க, போங்க" என்று மனைவி விரட்டுவாள்.

இவ்வளவு சந்தோஷத்திலும் ஒன்று மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் வைத்திருந்த கடல்தண்ணீர்த் தொட்டி. அதில் நாலு மீன், கொஞ்சம் பாறை, உயிருள்ள ஒரு பவளம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கட்டைவிரல் அளவுக்கு வாங்கி வந்த பவளம் இப்போது இரண்டு உள்ளங்கை அகலம் வளர்ந்திருந்தது. விளக்கு எரிந்ததும் விரல் விரலாக விரித்து ஆடும். மூன்று மாதமாக அதன் அடியில் தலைமயிர் போலப் பச்சைப் பாசி படர ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கத்து விரல்கள் விரிவதே இல்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. பழைய பல் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்தார். கையை முழங்கை வரை விட்டுக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கினார். பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தார். மீனுக்கு ஒரு வேளைதான் தீனி என்றாக்கினார். பாசி தின்னும் நத்தை பத்து வாங்கி விட்டார். அதுகள் நாலு நாள் உழைத்துவிட்டு, ஐந்தாம் நாள் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. கடைசியில், அழுக்கு சேர்ந்திருக்கும் என்று நினைத்து, வாரத்துக்கு ஒரு தடவை மாற்றின தண்ணீரை இரண்டு தடவை மாற்றினார். அடுப்படி ஃபில்டரில் பிடித்த தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து ஊற்றுவது வழக்கம். ஊற்ற ஊற்றப் பாசி இன்னும் தழைத்தது.

"ஊருக்கெல்லாம் தண்ணி பாக்கறவர் வீட்டுத் தொட்டியைப் பாரு, மாடு மேய்க்கலாம் போல இருக்கு" என்றாள் மனைவி.

குழந்தையைப் பார்க்க மீன்கடைக்காரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பவளத்தை விற்றவளே அவள்தான். பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் சுருங்கியது.

"என்ன தண்ணி ஊத்துறீங்க அண்ணே?"

"நம்ம ஃபில்டர் தண்ணிதாம்மா. எட்டு காட்டுது. அதைவிடச் சுத்தமா எங்க கிடைக்கும்?"

சட்டைப் பையிலிருந்து அளக்கிற பேனாவை எடுத்துக் காட்டினார். தண்ணீரில் நனைத்தால் அதில் கரைந்திருப்பது எவ்வளவு என்று எண்ணில் சொல்லும். எண் ஏறினால் உள்ளே இருக்கிற சவ்வு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அவர் போகிற வீடுகளில் எல்லாம் கொஞ்ச நாளாக எட்டுதான். எல்லாம் நம் கைராசி என்று பெருமைப்பட்டிருந்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். கடல்தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே விட்டாள்.

எட்டு.

"உப்புத் தண்ணிக்கும் எட்டாண்ணே? ஆயிரக்கணக்குல ஏறணுமே, பேனா கெட்டுப்போச்சு."

அவள் தன் பையிலிருந்த பேனாவை எடுத்துப் போய் அடுப்படி ஃபில்டர் தண்ணீரில் நனைத்தாள். இருநூற்றுப் பத்து. குழாய்த் தண்ணீரும் ஏறக்குறைய அதே. "சவ்வு எப்பவோ போயிடுச்சு. குழாய்த் தண்ணியில இருக்கறதெல்லாம் அப்படியே இறங்கி, பாசிக்கு நீங்களேதான் உரம் போட்டிருக்கீங்க. இனிமே நல்ல தண்ணி ஊத்தினாலும் பாறை குடிச்சு வச்சதைக் கக்கி முடிக்க மாசக்கணக்கு ஆகும்" என்றாள்.

அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. மேடையில் அதே ஃபில்டர் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றின ஃபிளாஸ்க் இருந்தது. மகள் பால்புட்டியில் பவுடரை அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதை வைம்மா."

"ஏம்ப்பா?"

"வைன்னா வை."

உடனே குழந்தை டாக்டருக்கு மகள் போன் போட்டாள். கொதிக்கவைத்த தண்ணீர்தானே, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மகளும் மனைவியும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வேலைக் குறிப்பு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பத்தோரு வீடு. "இது இன்னும் ஆறு மாசம் தாங்கும், இப்ப மாத்த வேணாம்" என்று பேனா காட்டின எட்டை நம்பி அவர் வாயாலேயே சொல்லிவிட்டு வந்த வீடுகள். வீணாகச் சாமான் மாற்றாத மனுஷன் என்று அவருக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, சர்வீஸுன்னு சொல்லிட்டுப் போங்க. கமுக்கமா மாத்திட்டு வந்துடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"குடிச்சவங்களுக்குத் தெரியணும்ல."

"பேரு போயிடும்."

"போகும்" என்றார்.

மறுநாள் காலை, நோட்டில் இருந்த வீடுகளில் முதலில், பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டு மணியை அடித்தார். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"இப்படி எத்தனை வீடு?"

"முப்பத்தொண்ணு டீச்சர்."

"எங்க வீட்டுக்கு ஏன் முதல்ல வந்தீங்க, பக்கம்ங்கறதாலயா?"

"இல்ல. இங்கதான் திட்டு ஜாஸ்தி விழும். இதைத் தாண்டிட்டா மத்த வீட்டுக்குக் காலு நடக்கும்னு வந்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. "படுக்கையில கிடக்கிற எங்க வீட்டு மனுஷனுக்கு மாத்திரை போட அந்தத் தண்ணியைத்தான் குடுத்தேன். உங்களை நம்பி வேற ஆளை உள்ள விட்டதில்ல. ஒரு நாளாவது அந்தப் பேனாவைக் குழாய்த் தண்ணியில விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே? தொழில்காரர்தானே நீங்க?" கால் மணி நேரம் விடாமல் கேட்டார். பேனாமேல் பழியைப் போட அவருக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமா டீச்சர்" என்றார். கடைசியில், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று டீச்சர் வழிவிட்டார்.

இரண்டாவது வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பரவாயில்லைங்க, நாங்க வேற ஆளை வச்சுப் பாத்துக்கறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தின கதவுக்கு முன்னால் தண்ணிக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். டீச்சர் இன்னும் ஒரு கால் மணி நேரம் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு நடந்தார்.